வாவல் குடித்த மிச்சம்

அப்பாவின் நெஞ்சுக்குள்ளிருந்து எழும் ஓர் ஓசையோடுதான் என் சிறு வயது மார்கழிகள் விடிந்தன. எங்கோ ஒரு கீறல் விழுந்த ஆர்மோனியப் பெட்டியைப் பக்கத்து அறையில் யாரோ மெல்ல மெல்ல அமுக்கிக்கொண்டிருப்பதைப் போல, ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் மெலிந்த சீழ்க்கை ஒன்று கிளம்பும். அது நின்றதும் சற்று நேரம் ஒன்றும் கேட்காது. அடுத்த மூச்சு வரும் வரையில் போர்வைக்குள் நானும் என் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பேன். எங்கள் வீட்டில் அதற்கு "இழுப்பு" என்று பெயர். அந்த ஓசையோடு சாம்பிராணி மணமும் கலந்தே வரும். பூசை அறையிலிருந்து வெண்மையாகத் தவழ்ந்து வந்து, அப்பா படுத்திருந்த கட்டிலின் காலடியில் தயங்கி, பிறகு அவர் மேல் ஏறிப் பரவும் அந்தப் புகை. இழுப்பும் சாம்பிராணியும் என் நினைவில் எப்போதும் ஒட்டியே கிடந்தன. ஏன் அப்படி ஒட்டிக் கிடந்தன என்பது விளங்க எனக்கு இத்தனை வயது ஆக வேண்டியிருந்தது.

சிதம்பரத்தில், கீழவீதியிலிருந்து பிரிந்து உள்ளே ஒடுங்கும் ஒரு சின்னத் தெருவில் எங்கள் வீடு. அப்பாவுக்கு நெல் மண்டியில் எழுத்து வேலை. பகலெல்லாம் மூட்டைகளோடும் தூசியோடும் கழியும். விளக்கு வைத்த பிறகு பதிகங்கள். அவர் இசையை முறையாகப் பயின்றவர் அல்லர். ஆயினும் பண் பிசகாமல், சொல் சிதையாமல், கேட்பவர் கண்கள் தாமாக மூடிக்கொள்ளும்படி பாடுவார். மார்கழி பிறந்துவிட்டால் தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலிலிருந்து விடியலில் புறப்படும் பஜனைக் குழுவுக்கு அவரே தலைவர். கையில் தாளமும் நெற்றி நிறைய நீறுமாக அவர் முன்னால் நடக்க, நான்கு வீதிகளையும் சுற்றி வருவார்கள். திருவாதிரைக்கு முந்திய மாலை அதே கோயில் வாசலில் சிறிது நேரம் பேசவும் செய்வார். அந்தப் பேச்சில் ஆண்டுதோறும் ஓர் இடம் வரும். தெருவே அதற்காகக் காத்திருக்கும்.

நம் வீட்டு வாழைக்குத் தேன் உண்ண இரண்டு உயிர்கள் வருகின்றன என்று தொடங்குவார். ஒன்று பகலில் வரும் தேன்சிட்டு. மற்றொன்று அந்தி கழிந்து வரும் வாவல். தெருவில் எல்லாரும் "வவ்வாலு" என்பதை மேடையில் மட்டும் அவர் வாவல் என்பார். சிட்டு கதிரவன் முகம் கண்டு எழுகிறது; பாடிவிட்டுத்தான் உண்கிறது; ஊசி போன்ற அலகைப் பூவுக்கு நோகாமல் நுழைத்து, வேண்டிய அளவே எடுத்துக்கொள்கிறது; வெயில் படும்போது கருநீலமாய் மின்னும் அதன் கழுத்து, நஞ்சுண்ட கண்டத்தை நமக்கு நினைவூட்டுகிறது. வாவலோ ஒளிக்கு அஞ்சுகிறது, தலைகீழாய்த் தொங்குகிறது, பாடத் தெரியாமல் கீச்சிடுகிறது, பூவின் மேல் விழுந்து முகத்தைப் புதைத்து உறிஞ்சுகிறது. இருவரும் உண்பது ஒரே தேன். அருள் எல்லாருக்கும் பொதுவாகத்தான் சுரக்கிறது. அதைச் சிட்டாக வந்து பெறுவதா, வாவலாக வந்து பெறுவதா என்பதே நம் கையில் உள்ளது என்று முடிப்பார். முன் வரிசைப் பெரியவர்கள் "ஆகா" என்பார்கள். நான் அம்மாவின் மடியில் சாய்ந்தபடி, என் அப்பாவைத் தவிர உலகில் வேறு எவரும் சிட்டு அல்லர் என்று நினைத்துக்கொள்வேன். பதிகங்களில் வண்டும் கிளியும் குயிலும் தூது போகின்றன. வாவலைத் தூது விட்டவர் எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை. ஆகவே அப்பா சொன்னதில் எனக்கு எள்ளளவும் ஐயம் இருந்ததில்லை.

ஆனால் தோட்டம் வேறு எதையோ காட்டிக்கொண்டிருந்தது. வீட்டின் பின்புறம் சில வாழைகளும் மதிலை ஒட்டிச் செம்பருத்தியும் இருந்தன. துணி உலர்த்தும் கம்பியில் சிலந்தி நூலும் சருகும் சேர்த்துக் கட்டிய ஒரு கூடு, சிறிய சுருக்குப் பையைப் போல வாசலுக்குமேல் ஒரு தாழ்வாரத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. சிட்டு வாழைப்பூவில் அப்பா சொன்னபடியே நடந்துகொண்டது. செம்பருத்தியில் மட்டும், பூவின் வாய்ப்பக்கம் போகாமல், காம்பை ஒட்டிய அடிப்பக்கத்தில் அலகால் குத்திப் பொத்தலிட்டு, மகரந்தத்தில் ஓர் இறகுகூடப் படாமல் தேனை மட்டும் எடுத்துக்கொண்டு பறந்தது. பூசைக்குப் பறித்த பூக்களின் அடியில் அந்தக் கீறலை நான் காட்டியபோது அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பூச்சி கடிச்சிருக்கும்மா" என்றார்.

அந்தியில் வாழைப்பூவின் மடல் ஒன்று மெல்ல உயரும். அதற்காகவே காத்திருந்ததைப் போல வானத்தின் சாம்பல் நிறத்திலிருந்து ஒரு துண்டு கிழிந்து வந்து பூவில் ஒட்டிக்கொள்ளும், நான் இமைத்து முடிப்பதற்குள் போயிருக்கும், மறுபடி வரும். அவ்வளவு சிறிய வாவல்கள் அவை, உள்ளங்கையில் அடங்கிவிடும். காலையில் அந்தச் செந்நீல மடலில் மெல்லிய நகக் கீறல்கள் இருக்கும். அம்மா பொரியலுக்குப் பூவை உரிக்கும்போது "எச்சல் பண்ணிட்டுப் போயிருக்குது சனியன்" என்று மேல் மடல்களை வீசுவாள். அவ்வாறு அது குடித்து எஞ்சியதைத்தான் விடிந்ததும் சிட்டு வந்து குடித்தது என்பதை நாங்கள் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

எனக்கு ஒன்பது வயது நடந்த அந்த ஆண்டு, ஐப்பசி மழையிலேயே அப்பாவுக்கு இழுப்பு தொடங்கி, கார்த்திகையில் முற்றிவிட்டது. ஊசி போட்டால் அன்றைக்கு அடங்கும். மாத்திரை போட்டால் கை நடுங்கும். சாமிக்குக் காட்டிய புகை உடம்புக்கும் நல்லது, அது சளியை இளக்கும் என்பது எங்கள் வீட்டு வைத்தியம். ஆகவே அம்மா தூபக்காலை அவர் தலைமாட்டிலேயே கொண்டுவந்து வைப்பாள். அவரும் இரு கைகளாலும் புகையை அள்ளி முகத்தில் வாங்கிக்கொள்வார். பூசையில் ஒரு பதிகத்தைத் தொடங்குவார். இரண்டாம் அடியில் மூச்சு அறுந்துவிடும். பிறகு உதடுகள் மட்டும் அசையும். மார்கழி நெருங்கியது. பஜனைக் குழுவில் இருந்த ஒருவர் ஒருநாள் வந்து, வாசலில் நின்றபடியே, "இந்த வருசம் நீங்க ரெஸ்ட் எடுத்துக்குங்கண்ணே, தாளத்த மட்டும் குடுத்துடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். அப்பா அன்று இரவு உணவைத் தொடவில்லை. தாளத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதன் கயிற்றை அவிழ்ப்பதும் முடிவதுமாக உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரம்தான் நெல்லிக்குப்பத்திலிருந்து மாமா வந்தார். அம்மாவின் அண்ணன், சர்க்கரை ஆலையில் வேலை. ஆலைக்குப் போன பிறகு அவர் எல்லாம் சாப்பிடத் தொடங்கிவிட்டார் என்பது அம்மாவின் தீராத குறை. உள்ளே நுழையும்போதே குரல் முன்னால் வரும்.

"என்னா மாப்ள, தேன்சிட்டு இந்த வருசம் மௌன விரதமா?"

"சிரிக்க வெக்காதீங்க மச்சான்" என்றார் அப்பா, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வாங்கி. "சிரிச்சா ஜாஸ்தியாவுது."

மாமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆலையில் உடன் வேலை செய்பவர் ஒருவரின் மகளுக்கும் இதே இழுப்பு இருந்ததாகவும், பழ வவ்வால் ஒன்றைப் பிடித்து "சூப்பு" வைத்துக் கொடுத்ததில் தீர்ந்துவிட்டதாகவும் சொன்னார்.

"அண்ணே! பூச ரூம்பு பக்கத்துல ஒக்காந்துகினு என்னா பேச்சு பேசற?" என்று அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

"சரி, வாயக் கழுவிக்கறேன். அவுருக்கு மூச்சு எங்கேந்து வரும்? அத நீ சொல்லு."

அம்மா எழுந்தாள். அவள் மாமாவைத் தோட்டத்துப் பக்கம் அழைத்துப் போனாள். நான் பின்னாலேயே போனேன். மிளகும் பூண்டும் தூக்கலாகப் போட்டு, கஷாயம் என்று சொல்லிக் கொடுத்துவிடலாம், அவருக்குத் தெரிய வேண்டாம் என்று இருவரும் கிசுகிசுத்துக்கொண்டிருந்தபோது கதவு நிலையைப் பிடித்தபடி அப்பா நின்றிருந்தார். அங்கிருந்து கட்டில்வரை எல்லாம் கேட்டிருக்க வேண்டும்.

"எனக்குத் தெரியாம குடுக்காதீங்க" என்றார். "குடுக்கறதா இருந்தா தெரிஞ்சே குடுங்க. ஏமாந்து சாப்ட்டேன்னு சாமிகிட்ட போய் சொல்லிக்கிட்டு நிக்க என்னால ஆவாது."

 அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் பிறந்தது முதல் முட்டைகூட நுழையாத வீடு அது.

இரண்டொரு நாளில் மாமா மறுபடியும் வந்தார். கையில் ஈரச் சாக்குப் பை. நெல்லிக்குப்பத்துப் பக்கம் பூத்திருந்த ஓர் இலவமரத்தில் வலை கட்டிப் பிடித்ததாம். அவர் கை கழுவப் போன நேரத்தில் பையின் வாயை விரித்துப் பார்த்தேன். அதுவரை அந்தி வெளிச்சத்தில் கிழிந்த துண்டாக மட்டுமே நான் கண்டிருந்த உயிருக்கு ஒரு முகம் இருந்தது. நாய்க்குட்டியின் முகம், பெரிய, ஈரமான, எவர்மீதும் கோபமில்லாத கண்கள். நெற்றியிலிருந்து தாடை வரையில் இலவம்பூவின் மகரந்தம் மஞ்சளாய் அப்பியிருந்தது. சந்தனம் பூசிக்கொண்டு பஜனைக்குப் புறப்பட்டவரைப் போல அது என்னைப் பார்த்தது. நான் பையை மூடிவிட்டேன்.

தோட்டத்தில் மூன்று செங்கல்களை வைத்து, புதுச் சட்டியில் அம்மா சமைத்தாள். மாமா சொல்லச் சொல்ல, முகத்தைத் திருப்பிக்கொண்டே கிளறினாள். மதிலுக்கு அப்பால் மேரி டீச்சர் வீடு. கிறித்தவர்கள், அவர்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு வாசனைக்கு அம்மா தவறாமல் எங்கள் சன்னலைச் சாத்துவாள். டீச்சரின் தலை மதிலுக்கு மேல் எழுந்தது.

"என்னாக்கா, தோட்டத்துல அடுப்பு? மொளகு வாசன தூக்குது!"

"கஷாயம் டீச்சர். அவுருக்கு."

டீச்சர் மூக்கை உயர்த்தி ஒருமுறை இழுத்தாள். அம்மாவின் கை கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டது. 

"கஷாயத்துல கொஞ்சம் சோம்பு தட்டிப் போடுங்கக்கா" என்றாள் டீச்சர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "வாட அடங்கும்." பிறகு தானே உள்ளே போய், ஒரு காகிதத்தில் சோம்பைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து நீட்டினாள். அதற்குப் பிறகு அவள் இருந்த வரையில் அதைப்பற்றி யாரிடமும் ஒரு சொல் சொன்னதில்லை. சன்னலைச் சாத்தும் வழக்கத்தை அம்மா அன்றோடு விட்டாள்.

அப்பா மதிலைப் பார்த்து உட்கார்ந்து அதைக் குடித்தார். உண்பதற்கு முன் கண்மூடி அவர் சொல்லும் வரி ஒன்று உண்டு. வெறும் மோராயினும் அதைச் சொல்லாமல் வாயில் வைக்கமாட்டார். அன்று அவர் உதடுகள் அசையவில்லை. ஒரே மூச்சாய்க் குடித்துவிட்டு, சட்டியையும் குவளையையும் வாழையடியில் புதைக்கச் சொல்லிவிட்டு, கிணற்றடியில் குடம் குடமாய் நீரை ஊற்றிக்கொண்டார். பிறகு எங்களைப் பார்த்து, மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்துக் கடலில் மூழ்கி எழும் வரையில் தாம் பூசை அறைக்குள் காலெடுத்து வைக்கப் போவதில்லை என்றார். சமைத்த கைகளோடு தானும் நுழையமாட்டேன் என்றாள் அம்மா. வீட்டில் தீட்டுப்படாமல் எஞ்சியவள் நான் ஒருத்தி.

ஆகவே அந்த மார்கழியிலும் தையிலும் எங்கள் வீட்டுப் பூசை என் கையில் இருந்தது. குளித்து, பூக்களை வைத்து, விளக்கேற்றுவேன். தணல் எடுக்க எனக்கு அனுமதி இல்லை; சின்னப் பெண், சுட்டுக்கொள்வாள் என்று தூபக்காலை அம்மா பரண்மேல் வைத்துவிட்டாள். விளக்கொளி மட்டுமே கொண்ட, புகையில்லாத பூசை. முடிந்ததும் நீற்றுத் தட்டோடு வெளியே வருவேன். அப்பா வாசற்படிக்கு அப்பால் நின்று, குனிந்து, இரண்டு கைகளையும் குவித்து நீட்டுவார்.

"மேலேர்ந்து போடும்மா. கை படப் போவுது."

நான் விரல்களை உயர்த்தி, அவர் உள்ளங்கையில் படாமல், நீற்றை உதிர்ப்பேன். எனக்குப் பெயரிட்டு, நாவில் முதல் பதிகத்தைக் கொடுத்த மனிதர், தம் மகளுக்கு முன் கையேந்தி நின்றார். அந்த நாள்களில் நான் நிமிர்ந்து நடந்தேன் என்பதும் நினைவிருக்கிறது. வீட்டிலேயே நான்தான் சுத்தம் என்ற எண்ணம் ஒன்பது வயதுத் தலைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. வெட்கம் என்னவோ அவருடையது என்றுதான் அப்போது எண்ணியிருந்தேன்.

இழுப்பு விட்டது. நாளுக்கு நாள் சீழ்க்கை மெலிந்து, மார்கழி பாதி போவதற்குள் இரவுகளில் ஓசையே இல்லாமலாகி, அந்த அமைதி பழக்கமில்லாததால் நான் விழித்துக்கொண்டேன். அம்மா நம்பினாள், மாமா நம்பினார், அப்பாவும் நம்பினார். அவர் நம்பியதுதான் அவருக்குத் தண்டனையாயிற்று. தம் குரல் எதனால் திரும்பியது என்பதை ஒவ்வொரு மூச்சும் அவருக்கு நினைவூட்டியது. பஜனைக்குப் போனார். ஆனால் குழுவுக்கு முன்னால் நிற்கவில்லை.

"வாங்கண்ணே, முன்னால வாங்க. தாளம் ஒங்க கையிலதான் பேசும்."

"இந்த வருசம் நான் பின்னாலயே வரேன்பா. நீங்க நடங்க."

கடைசி வரிசைக்கும் பின்னால், கோலம் போடும் பெண்களின் வாளிகளுக்கு ஒதுங்கி, வெறுங்கையோடு நடந்து அவர் பாடினார். அவ்வளவு தெளிந்த குரலில் அவர் பாடி அதற்கு முன்பும் கேட்டதில்லை, அதற்குப் பின்பும் கேட்டதில்லை. முன்னால் விளக்கேந்திப் போன நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

திருவாதிரைக்கு முந்திய மாலை வந்தது. பிள்ளையார் கோயில் வாசலில் பாய் விரித்துத் தெரு முழுதும் உட்கார்ந்திருந்தது. மாமாவும் வந்திருந்தார், தம் வைத்தியத்தின் வெற்றியைக் காண முன் வரிசையிலேயே இடம் பிடித்திருந்தார். அப்பா பேசினார். வழக்கமான இடத்துக்கு வந்தார். நம் வீட்டு வாழைக்கு இரண்டு உயிர்கள் தேன் உண்ண வருகின்றன என்றார். முன் வரிசைகளில் முகங்கள் மலர்ந்தன. சிட்டைப் பற்றிச் சொன்னார். கதிரவன் முகம், பாட்டு, நஞ்சுண்ட கண்டம், எல்லாம். மற்றொன்று, என்றார். நின்றார்.  பஜனைக் குழுவினர் அவருக்கு மூச்சு முட்டுகிறதோ என்று எழுந்திருக்கப் பார்த்தார்கள்.

"அந்த இன்னொண்ணப் பத்திப் பேச எனக்கு வாயில்ல" என்றார் அப்பா. மேடைத் தமிழில் சொல்லவில்லை. வீட்டில் பேசுவதைப் போலவே சொன்னார். "இத்தன வருசம் பேசினதுக்கு மன்னிச்சுக்குங்க." கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

பணிவு என்றார்கள் சிலர். களைப்பு என்றார்கள் சிலர். மாமாவுக்குத்தான் பொறுக்கவில்லை. தம் வைத்தியத்துக்கு உரிய புகழ் இப்படி வாயடைத்துப் போவதா என்று, கோயிலுக்கு வெளியே சுண்டல் கொடுக்கும் இடத்தில் இரண்டு பேரிடம், ரகசியம் என்று சொல்லியே சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் ரகசியத்துக்குக் கால் உண்டு.

எவரும் அப்பாவை இகழவில்லை. இகழ்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர்கள் பின் வாசல் வழியாக வந்தார்கள். வீட்டில் இழுப்புக்காரர் இருந்தவர்கள், குழந்தைக்குச் சளி விடாதவர்கள், அப்பாவை முன் வாசலில் கண்டால் கும்பிடுகிறவர்கள். "நெசந்தானாண்ணே? அதனாலயா கேட்டுது?" என்று தோட்டத்தில் நின்று கேட்டார்கள். அப்பா பொய் சொல்லத் தெரியாதவர். மெய் சொல்லவும் நா எழவில்லை. தலையை மட்டும் அசைத்தார். சிட்டைப் போல் வாழச் சொல்லி ஆண்டுதோறும் பேசிய பேச்சைக் கேட்டு ஒருவரும் வாழ்க்கையை மாற்றிக்கொண்டதாக நான் அறியேன். பேச்சில்லாத அந்த ஒரு தலையசைப்புக்கு ஊரே கீழ்ப்படிந்தது. தை மாதத்தில் மதில்களுக்கு மேல் வலைகள் தெரிந்தன. வாவல்களை வலைக்குள் விரட்டப் பனை ஓலைகளைக் கொளுத்தி அசைத்தார்கள். தோட்டங்களில் மூன்று செங்கல் அடுப்புகள் முளைத்தன. மிளகு வாசனை எழுந்தது. யாரும் யாரையும் என்ன என்று கேட்டுக்கொள்ளவில்லை. அந்தியில் எங்கள் வாழைப்பூ மடல் உயர்ந்தது. நான் கிணற்றடியில் உட்கார்ந்து பார்த்தேன். வானத்திலிருந்து எந்தத் துண்டும் கிழிந்து வரவில்லை.

மாசி மகத்தன்று பஸ் ஏறித் தேவனாம்பட்டினம் போனோம். சுற்று வட்டாரச் சாமிகள் எல்லாம் கடலாட வந்திருந்தன. அப்பா இடுப்பளவு நீரில் நின்று மூழ்கி மூழ்கி எழுந்தார். உப்பு நீர் வழியும் முகத்தோடு என்னைத் தூக்கிக்கொண்டார். வீடு திரும்பியதும் தூபக்கால் பரணிலிருந்து இறங்கியது. இத்தனை நாள் காட்டாததையும் சேர்த்துக் காட்டுவதைப் போல, பூசை அறையில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத அளவுக்கு அவர் சாம்பிராணி போட்டார். கண்ணீரோடு பாடினார். பங்குனி முடிவதற்குள் அந்தச் சீழ்க்கை மீண்டும் கேட்டது.

"ஒண்ணு பத்தாது மாப்ள" என்றார் மாமா. "பத்தியமா ஒரு மண்டலம் சாப்புடணும்."

"வேணாம் மச்சான். நான் பாடறதுக்கு ஒரு உசுரு போனது போதும். இப்ப ஊர்ல இருந்ததெல்லாம் போச்சு."

அதன்பின் அவர் பஜனைக்கு முன்னால் நிற்கவே இல்லை. சிட்டும் வாவலும் வரும் அந்த இடம் அவர் பேச்சிலிருந்து மறைந்தது. சில ஆண்டுகளில் பேச்சும் நின்றது. பிறகு ஒரு மார்கழியில், புகை சூழ்ந்த அந்தக் கட்டிலில், அவர் மூச்சும் நின்றது. கடன் தீர்ந்தது என்று அம்மா சொன்னாள். எந்தக் கடன் என்று எனக்கு விளங்கவில்லை.

நான் மணமாகி வந்தது கடலூருக்கு. அப்பாவிடமிருந்து எனக்கு வந்தவை பதிகங்களும் இழுப்பும். முதல் செல்வத்தை இளமையிலும், இரண்டாவதை இந்த முதுமையிலும் பெற்றேன். சென்ற மழைக்காலத்தில் மூச்சு முட்டி, என் மகன் என்னை மருத்துவரிடம் அழைத்துப் போனான். என் பேத்தி வயதுடைய பெண் அவள். நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, சாதாரணமாகக் கேட்டாள்.

"வீட்ல சாம்பிராணி, ஊதுபத்தி போடுவீங்களாம்மா?"

"ரெண்டு வேளையும் தப்பாம."

"அத மொதல்ல நிறுத்துங்க. மருந்தெல்லாம் அதுக்கப்புறம். வெளக்கு மட்டும் ஏத்துங்க, சாமி கோச்சுக்காது."

மருந்துக் கடையில் மகன் நின்றிருந்த நேரமெல்லாம் நான் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். மூச்சுத் திணறல் என்று அவன் நினைத்தான். வெறும் விளக்கை மட்டும் ஏற்றிய ஒன்பது வயதுக் கைகளை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பரண்மேல் ஏறிய தூபக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் வைத்தியம் நடந்தது உண்மைதான்; அது சட்டியில் நடக்கவில்லை. தம்மைத் தீண்டத் தகாதவராக எண்ணிப் பூசை அறைக்கு வெளியே நின்ற அந்த நாள்களில்தான் அப்பா நலமாக மூச்சு விட்டார். இலவம்பூ மகரந்தத்தை முகம் நிறைய அணிந்திருந்த அந்த உயிர் ஒன்றுக்கும் இல்லாமல் செத்தது. அதன் இனம் ஒரு தெருவிலிருந்தே ஒன்றுக்கும் இல்லாமல் அழிந்தது. அடியவர் குடும்பம் என்று ஊரார் கும்பிட்ட வீட்டிலிருந்துதான் அந்தக் கொலைகளுக்கு ஒப்புதல் போயிற்று. அவருக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று மனம் பதைத்தது. மறு கணமே, அவர் இதை அறியாமல் போனதே நல்லது என்றும் தோன்றியது.

இந்தத் திருவாதிரைக்குச் சிதம்பரம் போயிருந்தபோது எங்கள் தெருவுக்கும் போனேன். தோட்டம் இருந்த இடத்தில் மாடி வீடு. மேரி டீச்சர் வீட்டு மதிலும் இல்லை. கேபிள் கம்பி ஒன்றில் சுருக்குப் பையாய் ஒரு சிட்டுக்கூடு தொங்கிக்கொண்டிருந்தது. அந்தி சாயும் வரையில் நின்றேன். ஒரு துண்டும் கிழியாமல் வானம் முழுமையாக இருந்தது.

கடலூர் வீட்டில் கை கழுவும் நீர் போய்ச் சேரும் இடத்தில் ஒரே ஒரு வாழை நிற்கிறது. இப்போது பூத்திருக்கிறது. புகையில்லாமல் விளக்கேற்றிவிட்டு அதனருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். மடல் தன் வழக்கப்படி உயர்கிறது, நெடுநேரம் திறந்தே இருக்கிறது, எவரும் வருவதில்லை. விடிந்ததும் தேன்சிட்டு வருகிறது, பாடுகிறது, கழுத்து மின்னக் குனிந்து அலகை நுழைக்கிறது. முன்பு அதன் பங்கு, வாவல் குடித்த மிச்சம். இப்போது மடலில் ஒரு நகக் கீறலும் இல்லை. சிட்டு முழுவதையும் குடிக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.